பேனல் நிழலில் ஒரு நாற்காலி

திருவூடல் தெருவில் மௌலி குருக்களைக் கேலி செய்ய ஒரு விஷயம் எப்போதும் தயாராக இருந்தது. கோயிலிலிருந்து வீடு திரும்பியதும் அவர் காலைக் கழுவுவதற்கு முன் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார். வாசலில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பார்ப்பார். குருக்கள் யூனிட்டுக்கு அர்ச்சனை பண்ணுகிறார் என்று மதிலோரப் பூக்கடையில் சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர் யூனிட்டைப் பார்க்கவில்லை. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், அதைத்தான் பார்த்தார். அது மினுக்கினால் வீட்டில் கரன்ட் இருக்கிறது. கரன்ட் இருந்தால் உள்ளே ஹைமவதிக்கு மூச்சு இருக்கிறது.

ஹைமவதி அவர் மனைவி. நாலு வருஷத்துக்கு முன் மாடிப்படி ஏறும்போது இளைப்பு என்று ஆரம்பித்தது. வேலூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, இனி விரிக்க முடியாது, உள்ளதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். காப்பாற்றுவதற்கு ஒரு வெள்ளை மெஷின் வந்தது. சின்னச் சூட்கேஸ் அளவு, அடியில் நாலு சக்கரம். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, ஒரு குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்பும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். ஓடும்போது ஒரு முனகல். "நாள் பூரா ஏதாவது முணுமுணுத்துண்டே இருக்கு, உங்கம்மா மாதிரி" என்று ஹைமவதி சொல்வாள். மூச்சு குறைந்ததே தவிர வாய் குறையவில்லை.

மௌலிக்கு அறுபத்திரண்டு வயது. அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறைக்காரர். ஒன்பது வயதில் பாடசாலை, இருபதில் சன்னதி, இருபத்திரண்டில் கல்யாணம். கல்யாணம் ஆன அந்தக் கார்த்திகையில்தான் முதன்முதலாகப் பெரிய தேரில் ஏறினார். வருஷா வருஷம் ஏழாம் நாள் தேர் மாட வீதிகளைச் சுற்றி வரும். கிழக்கே தேரடியில் கிளம்பி, தெற்கே திருவூடல் தெருவுக்குள் திரும்பும். அங்கேதான் அவர் வீடு. தேர்த்தட்டும் அவர் வீட்டு மொட்டை மாடியும் ஏறக்குறைய ஒரே உயரம். தேர் வீட்டைக் கடக்கும்போது மௌலி கற்பூர ஆரத்தியை அந்த மாடிப் பக்கம் காட்டுவார், மற்ற மாடிகளுக்குக் காட்டுவதைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக. ஹைமவதி அங்கே நின்று கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்தை ஊரே கவனித்தது, கிண்டலும் செய்தது. மனிதர் வேறு எந்த வகையிலும் பெண்டாட்டிமேல் ஆசையைக் காட்டத் தெரியாதவர். முப்பத்தெட்டு வருஷம் அப்படிப் போயிற்று.

மெஷின் வந்த பிறகு தேர்நாள்தான் அவர்களுக்குப் பெரிய கண்டமாகப் போனது. தேர் அவ்வளவு உயரம். குறுக்கே போகும் கம்பிகளையெல்லாம் கழற்றிச் சுருட்டிவிடுவார்கள். காலையில் பிள்ளையார் தேர் கிளம்புவதற்கு முன் மாட வீதிகளில் கரன்ட்டை நிறுத்தினால், ஐந்து தேரும் ஒவ்வொன்றாகச் சுற்றி முடித்துக் கம்பிகளைத் திரும்பக் கட்டும்வரை வராது. வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும், அதற்குமேல் அதுவும் படுத்துவிடும். அதனால் இரண்டு வருஷம் ஹைமவதியை முந்தின நாளே காரில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூரில் அவள் அண்ணா கோதண்டராமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் வருஷம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் காரில் ஏறும்போது தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மௌலி கையில் கொடுத்தாள். "தேர் பார்க்காத கண்ணுக்கு இது எதுக்கு, நீங்களே வச்சுக்கோங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மௌலிக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மாடியில் சூரிய மின்சாரம் என்ற பேச்சு வந்தது. செங்கம் சாலைப் பக்கம், ரமணாசிரமத்தைச் சுற்றி, வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதிகளின் மேலெல்லாம் நீலநீலமாகப் பலகைகள் வந்துவிட்டிருந்தன. ஒரு வீட்டுக்குத் தேவையான மொத்தக் கரன்ட்டையும் அந்த வீட்டு மொட்டை மாடியே கொடுக்கும் என்று கேட்டதும் மௌலிக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் காலையில் அதே மாடியில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடுகிறவர். இத்தனை வருஷம் தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம், திருப்பி ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லையே என்று சக குருக்கள்மாரிடம் சொல்லிச் சிரித்தார்.

பேனல் போடும் முருகவேல் வந்து மாடியை அளந்தான். முப்பது வயது, நல்ல வேலைக்காரன், பேச்சும் சுத்தம். மூன்று கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரும், மெஷின் தின்பது எட்டு, மிச்சத்தில் வீடே ஓடும் என்றான். பகலில் உபரியானது கம்பி வழியாகத் தெருவுக்குப் போகும், ராத்திரியில் வேண்டியதைத் தெருவிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

"பகல்ல மெஷின் ஓடுமா?" என்று மௌலி கேட்டார்.

"பகல்ல வெயில்லயே ஓடும் சாமி."

அவ்வளவுதான் பேச்சு. தேர்நாளில் தெருக்கம்பியில் கரன்ட் இல்லாதபோது ஓடுமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. மாடியில் இருக்கிற சூரியனுக்கும் தெருவில் இருக்கிற கம்பத்துக்கும் என்ன உறவு என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றியிருக்காது, உங்களுக்கும் தோன்றியிருக்காது. முருகவேல் தானாகவே, "பேட்டரி வச்சு ஒண்ணு இருக்குது சாமி" என்று ஆரம்பித்தான். மௌலி அவனை முடிக்க விடவில்லை. "பேட்டரிங்கற பேச்சே வேண்டாம்" என்றார்.

அதற்கும் காரணம் உண்டு. பழைய இன்வெர்ட்டரின் பேட்டரியிலிருந்து வரும் ஆசிட் நெடி ஹைமவதிக்கு ஆகவில்லை. தண்ணீர் ஊற்றுகிற நாளெல்லாம் இருமித் துவண்டுபோவாள். அதை வீட்டைவிட்டு வெளியே தள்ள மௌலி எத்தனையோ நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். சூரியனே வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெட்டி எதற்கு? காசியிடம் கொடுத்துவிட்டார். காசி தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், மௌலியைவிட இரண்டு வயது சின்னவர். ஒருவர் தேருக்கு மேலே, ஒருவர் தேருக்குக் கீழே என்று நாற்பது வருஷப் பழக்கம். அவர் மகள் ஓவியா நர்ஸிங் படிக்கிறாள், பரீட்சை நேரத்தில் கரன்ட் போகிறது என்று காசி எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. ஆசையாகத்தான் கொடுத்தார்.

நவராத்திரி முடிந்து பேனல்கள் ஏறின. கீழே ஆள் நிற்கிற உயரத்துக்கு இரும்புக்கால் வைத்துத் தூக்கிக் கட்டினான் முருகவேல். மாடி வீணாகாது, அடியில் நல்ல நிழலும் கிடைக்கும். ஐப்பசி நடுவில் புது மீட்டர் மாட்டினார்கள். மௌலி மகிழ்ச்சியில் ஒரு சின்ன ஹோமமே செய்துவிட்டார், மாடியில் அல்ல, கோயிலில், புகை இவளுக்கு ஆகாது என்று. அன்று சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து அவளிடம் சொன்னார்.

"இந்த வருஷம் கீழ்பென்னாத்தூர் கிடையாது. பேனலுக்கு அடியில நாற்காலி போட்டுண்டு, பக்கத்துல மெஷினை வச்சுண்டு, ஜம்முனு உட்கார்ந்து தேர் பாரு."

ஹைமவதி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அதுதான் அவள் பதில்.

அந்த ஒரு மாதத்தில் கரன்ட் போகாமல் இல்லை. இரண்டு முறை ராத்திரியில் போனது. ராத்திரி வெயில் ஏது என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டார்கள். ஒரு முறை பகலில் இடிமழையில் போனது. பேனலும் சும்மா இருந்தது. வானம் இருட்டிக் கிடக்கிறதே என்று அதற்கும் சமாதானம் கிடைத்தது. தவறு மூன்று முறை வாசலில் வந்து நின்றது, மூன்று முறையும் மரியாதையாகக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிலிண்டரில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. நிரப்பிவிடலாம் என்று மௌலி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கொடியேற்றம் வந்துவிட்டது.

அந்த வருஷம் காப்பு மௌலிக்கு. கொடியேறும் அன்று வலது மணிக்கட்டில் காப்பு கட்டினால் பத்தாம் நாள் தீபம் ஏறி, மறுநாள் தீர்த்தவாரி முடிந்து அவிழ்க்கும்வரை அந்தக் குருக்கள் ஊருக்குச் சொந்தம், வீட்டுக்குச் சொந்தமில்லை. சாப்பாடும் படுக்கையும் கோயிலுக்குள்தான். வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, சாவு நடக்கிற இடமென்று ஆஸ்பத்திரிப் பக்கமும் போகக் கூடாது. அவர் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். போனைக்கூட வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் சாம்பவி லீவு போட்டு வந்து அம்மாவோடு இருந்தாள். எல்லாம் சரியாக ஏற்பாடு ஆகிவிட்டது என்ற நிம்மதியோடுதான் மௌலி கோயிலுக்குள் நுழைந்தார்.

ஏழாம் நாள் விடிந்தது. ஒரு வாரமாகப் பெய்த மழை முந்தின நாளே விட்டிருந்தது. வானத்தில் துணுக்கு மேகம் இல்லை. கார்த்திகையில் அப்படி ஒரு வெயிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. யாகசாலை வாசலில் நின்று மௌலி அண்ணாந்து பார்த்தார். இன்று பன்னிரண்டு என்ன, பதினான்கு யூனிட்கூட வரும் என்று கணக்குப் போட்டார். நம்மை அவன் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் நடந்தது அவருக்குப் பிற்பாடுதான் தெரியும். நமக்கு இப்போதே தெரிந்துவிடட்டும். காலை ஆறரைக்குக் கரன்ட் நின்றது. மெஷின் ஒரு நீளமான கத்தல் கத்திவிட்டு அடங்கியது. மாடிக்கு ஓடிய சாம்பவி பேனல் முழுக்க வெயில் அடிப்பதைப் பார்த்தாள். பேனலோடு சேர்த்துச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்காமல் முருகவேலுக்குப் போன் செய்தாள்.

"கம்பில கரன்ட் இல்லன்னா பேனலும் தானா நின்னுடுங்க அக்கா" என்றான் அவன். "கம்பில கை வச்சு வேலை செய்யறவங்க மேல நம்ம வீட்டுக் கரன்ட் பாஞ்சிடக் கூடாது இல்லீங்களா, அதுக்குத்தான். பேட்டரி வச்சிருந்தா கம்பிய விட்டுட்டு வீட்டுக்கு மட்டும் ஓடும். நான் சொல்ல வந்தேன், சாமிதான் வேணாம்னுட்டாரு." பிறகு அவன், இன்று தேர் என்பதை நான் நினைக்கவேயில்லை என்று சொல்லி அழ ஆரம்பித்தான்.

யாரைத் திட்டுவது? கம்பியைக் கழற்றுகிறவன் சாகக்கூடாது என்று வைத்த விதி. அதில் என்ன தப்பு?

சாம்பவி சிலிண்டரை மாட்டினாள். முள் பாதிக்குக் கீழே நின்றது. நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்று வைத்திருந்ததை ஒன்றாகக் குறைத்தாள். அம்மாவை வெளியே கொண்டுபோகலாம் என்று கதவைத் திறந்தால் வாசற்படி வரை ஜனம். விடியற்காலையிலேயே லட்சம் பேர் வந்து வீதியை அடைத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையில்தான் நிற்க முடியும், அந்த முனைக்கு ஒரு நோயாளியை எப்படிக் கொண்டுபோவது? தேர் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் நாலு பேர் முயன்று பத்தடிகூடப் போக முடியாமல் திரும்பினார்கள். பதினோரு மணிக்கு ஹைமவதி பேசினாள். "எப்படியும் போக முடியாது. அப்புறம் கீழே படுத்துண்டு சத்தம் மட்டும் கேட்கணுமா? என்னை மேலே தூக்கிண்டு போங்கோ." மேலே காற்றாவது வரும் என்று தூக்கிப் போனார்கள்.

பன்னிரண்டரைக்குப் பெரிய தேரின் வடம் பிடித்தார்கள். மௌலி தேர்த்தட்டில், சுவாமிக்குப் பக்கத்தில் நின்றார். கீழே தலைகள் தவிர எதுவும் தெரியவில்லை. இரண்டு மணி சுமாருக்குத் தேர் திருவூடல் தெருவுக்குள் திரும்பியது. தூரத்தில் தன் மாடியில் பேனல்கள் கண்ணைக் கூசவைத்து மின்னுவதைப் பார்த்தபோது அவருக்கு வந்த பெருமையை மறைக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற இளைய குருக்களிடம் அதோ நம்மாத்து மாடி என்று காட்டினார்.

தேர் நெருங்கியது. பேனல் நிழலில் நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் அரக்குப் புடவை தெரிந்தது, கண்ணாடி தெரிந்தது. அவர் கண் அவளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்றைத் தேடியது. வெள்ளை இல்லை. அங்கே ஒரு கறுப்புச் சிலிண்டர் நின்றது.

மௌலிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது, ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார், மறுபடி சிலிண்டரைப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால் சாம்பவி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அந்தத் தெருவில் எல்லா மாடிகளிலும் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கி அரோகரா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை கைகளில் தன் மகளின் கை மட்டும் கும்பிடவில்லை, கூப்பிடுகிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவள் ஒரு கையைப் பேனல் பக்கம் நீட்டி, மறு கையை இல்லை என்று விரித்தாள்.

சரியாக அந்த நேரத்தில் தேர் நின்றது. வலது பின் சக்கரம் ஓரம் வாங்கிச் சாக்கடை மூடிமேல் ஏறப் பார்த்தது. காசி கட்டையைக் கொடுத்து நிறுத்திவிட்டார். நிறுத்தியிருக்காவிட்டால் நாலு பேர் நசுங்கியிருப்பார்கள். இனி ஜாக்கி வைத்து, சக்கரத்தை நேராக்கி, வடத்தைத் திருத்திப் பிடித்து இழுக்க வேண்டும். தேர் நின்றால் காசி ஏணியில் பாதி ஏறி வந்து மௌலியிடம் திருநீறு வாங்கிக்கொள்வது நாற்பது வருஷப் பழக்கம். அன்றும் வந்தார். மௌலி குனிந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். காசி மாடியைப் பார்த்தார்.

"கரன்ட்ட கொஞ்சம் விடச் சொல்லலாம்னா கம்பியே இல்லியே சாமி" என்றார். கழற்றிய கம்பிகள் கம்பங்களில் சுருண்டு தொங்கின. பிறகு அவர் முகம் மாறியது. "அந்தப் பொட்டி எங்கூட்ல இருக்குது. ரெண்டு தெரு தள்ளிதான்."

ரெண்டு தெருதான். அன்றைக்கு அது ரெண்டு ஊர். அந்தப் பேட்டரியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளே நுழைய முடியாது. காசி இறங்கிப் போனால் சக்கரத்துக்கு ஆள் கிடையாது. மௌலி இறங்கினால்? தட்டிலிருந்து இறங்க ஏணி இருந்தது. மாடிக்கும் அவருக்கும் நடுவில் முப்பதடிகூட இல்லை. ஆனால் இறங்கிப் போய் என்ன செய்வார்? மந்திரம் சொன்னால் சிலிண்டர் நிரம்பிவிடுமா? காப்பு கட்டிய கையை ஒருமுறை பார்த்தார். காப்பு இல்லாத கையாக இருந்தாலும் அந்தக் கையால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பதுதான் அவரை நொறுக்கியது.

"தேர் நகர்ந்தா பின்னாடி கொஞ்சம் எடம் கெடைக்கும் சாமி. அதுல அம்மாவ தூக்கிட்டுப் போயிடலாம். மொதல்ல இது நகரணும்" என்று சொல்லிவிட்டுக் காசி இறங்கினார்.

நாற்பது வருஷமாக மௌலி அடுத்தவர்களுக்காகவே வேண்டியிருக்கிறார். பெயர் கேட்டு, நட்சத்திரம் கேட்டு, அவரவர் குறையை அவரவர் பெயரில் சுவாமியிடம் சேர்ப்பதுதான் தொழில். தன் பெயரில் ஒன்றும் கேட்டதில்லை. அன்று சுவாமி பக்கம் திரும்பி ஹைமவதி பெயரையும் அனுஷ நட்சத்திரத்தையும் சொன்னார். அதற்குமேல் சம்ஸ்கிருதம் வரவில்லை. "நகரு" என்றார். "நீ நகர்ந்தால்தான் அவளுக்கு வழி. தயவுபண்ணி நகரு." ஊரெல்லாம் தேர் தன் வாசலில் கொஞ்ச நேரம் நிற்காதா என்று ஏங்கும். அவர் வாசலில் அது ஒரு மணி நேரம் நின்றது.

நின்ற தேரில் ஆரத்தி காட்டாமல் இருக்க முடியாது. ஜனம் விடாது. கற்பூரத்தை ஏற்றி மாடிப் பக்கம் திரும்பினார். ஹைமவதி நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தலைக்குமேல் வீடு முழுவதற்குமான வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பேனல் அவளுக்கு நிழலை மட்டும் கொடுத்தது. அவள் மெல்லக் கையைத் தூக்குவதை மௌலி பார்த்தார். அதற்குமேல் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டார். வழக்கமான அந்த ஒரு நிமிஷம் அந்த வருஷம் இல்லை.

மூன்று இருபத்தைந்துக்குத் தேர் குலுங்கி நகர்ந்தது. பின்னால் விழுந்த இடைவெளியில் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் தட்டின் ஓரத்திலிருந்து பார்த்தார். சாம்பவி சிலிண்டரை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். அவர்கள் கிழக்கே போனார்கள், தேர் மேற்கே போனது. பேகோபுரத் தெரு, பெரிய தெரு என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் எல்லாருக்கும் ஆரத்தி காட்டினார், எல்லாருக்கும் திருநீறு கொடுத்தார். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் சேதி வந்தது. ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறார்கள், உயிர் இருக்கிறது.

அதன்பிறகு நாலு நாள் அவர் கோயிலுக்குள் இருந்தார். யாரும் கட்டிப்போடவில்லை, காப்பு நூல்தான், பல்லால் கடித்தால் அறுந்துவிடும். அறுக்கவில்லை. அதைப் பக்தி என்று சிலர் சொன்னார்கள். அவருக்கே அது பக்தியா பயமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லாததற்குக் காப்பு ஒரு சாக்காகவும் இருந்தது. மலைமேல் தீபம் ஏறியது. மறுநாள் தீர்த்தவாரி முடிந்து காப்பை அவிழ்த்ததும் ஈர வேட்டியோடு போனார்.

முகமூடிக்குள் ஹைமவதி கண்ணைத் திறந்தாள். மௌலி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் தன் தப்புதான் என்று சொன்னார். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வந்தவனையும் சொல்லவிடவில்லை என்று சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. முகமூடியை ஒரு விரலால் நகர்த்தினாள்.

"ஆரத்தி காட்டிட்டு ஏன் அந்தப் பக்கம் திரும்பிட்டேள்?" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் பயப்படலேன்னு சொல்லத்தான் கையைத் தூக்கினேன். நீங்க பார்க்கலை."

மௌலி அவள் நகர்த்திய முகமூடியைத் திரும்பச் சரியாக வைத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் முருகவேல் நெடி இல்லாத புதுவகைப் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து கொல்லைப்புறச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். காசி அந்தப் பழைய பெட்டியையும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். வேண்டாம், ஓவியா படிக்கட்டும் என்று திருப்பி அனுப்ப ஹைமவதிதான் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து ஒரு பகலில் கரன்ட் போனபோது மெஷினின் முனகல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பேனல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அவள் நுரையீரல்தான் அந்தத் தேர்நாளுக்குப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மாடிக்கு அவள் மறுபடி போகவேயில்லை.

மாசியில் ஒரு முற்பகல் போய்விட்டாள். அன்று தெருவில் கரன்ட் இருந்தது. மாடியில் வெயில் இருந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்று வெகுநேரம் யாருக்கும் தோன்றவில்லை.

மௌலி இப்போதும் கோயிலிலிருந்து வந்ததும் முதலில் மீட்டர் பெட்டியைத்தான் பார்க்கிறார். பழக்கம் விடவில்லை. சிவப்பு விளக்கு மினுக்குகிறது. பொத்தானை அழுத்தினால் மாடியிலிருந்து தெருவுக்கு எவ்வளவு போயிற்று என்று காட்டும். தனி மனிதனுக்கு ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போதும். நேற்றுப் பன்னிரண்டு யூனிட்டில் பதினொன்று வெளியே போயிருந்தது.